காலியாகாத நகல்

அண்ணன் இறந்த பிறகு அந்த வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன், ஒரு மதியம் லிஃப்ட் வேலை செய்யாத அந்தப் பழைய கட்டடத்தில் மூச்சிரைக்க மாடியேறிப் போய் மணியை அடித்தான். படிக்கட்டு முழுக்க ஈரச் சுவரின் வாடை. அண்ணி கதவைத் திறந்தாள்.

"வாங்க தம்பி. வழி ஞாபகம் இருந்துச்சா?"

குத்திக்காட்டுகிறாளா, சும்மா கேட்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அசடு வழியச் சிரித்துவைத்தான்.

"அண்ணனோட கம்ப்யூட்டரை அணைக்கணும் அண்ணி. இன்னும் ஓடிட்டே இருக்குன்னு ஆபீஸ்ல காட்டுது."

தம்பிக்கு வேலை, பல லட்சம் பேர் ஆடும் ஓர் இணைய விளையாட்டின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. விளையாட்டில் இருப்பது ஒரே ஊர்தான். ஆனால் அத்தனை பேரும் ஒரே கடைத்தெருவில் வந்து நின்றால் எந்தச் சர்வரும் படுத்துவிடும். அதனால் அந்த ஊரையே அச்சு அசலாகப் பல நகல்கள் எடுத்து, ஆட்களைப் பிரித்து அனுப்புவார்கள். ஒரு நகலில் இருப்பவன் கண்ணுக்கு அடுத்த நகலில் இருப்பவன் தெரிய மாட்டான், இருவரும் அந்த ஊர்ப் பாலத்தில் அதே இடத்தில் நின்றாலும். கடைசி ஆள் வெளியேறியதும் நகல் தானாக மூடிக்கொள்ளும்.

ஒரு நகல் மட்டும் மூடாமல் அடம்பிடித்தது. உள்ளே ஒரே ஓர் ஆள். அண்ணனுடைய கணக்கு.

லாரி கவிழ்ந்து படுக்கையில் விழுந்த அண்ணனுக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்ததே தம்பிதான். சாயங்காலமானால் பாலத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. அண்ணன் சும்மா சந்திப்பாரா? போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "இந்த ஊரையே நடத்துறது என் தம்பிதான். சின்ன வயசுல இவன் மூக்குச்சளிய நான்தான் துடைச்சுவிட்டேன்" என்று எழுதிப் பெருமையடிப்பார். அதே பாலத்தில்தான் தம்பியின் ஆபீஸ் கூட்டமும் நிற்கும். அப்புறம் என்ன, ஆபீஸில் அவன் பெயரே மூக்குச்சளி என்றாகிவிட்டது.

மானமே போயிற்று என்று பொருமினான். யாருமே வராத ஒரு நகலில் அண்ணன் கணக்கைக் கட்டிப்போட்டான். அண்ணன் கேட்டபோது, "நான் பாலத்துலதான்ணே நின்னேன், நீதான் வரல" என்றான். பொய்கூட இல்லை பாருங்கள். அவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

அண்ணி அறைக்குள் கூட்டிப்போனாள். கட்டிலை அப்புறப்படுத்தியிருந்தாலும் மருந்து நெடி போகவில்லை. மூலையில் போர்வை சுற்றிக் கிடந்தது கம்ப்யூட்டர். ஒயர்களைக் கழற்றிச் சுருட்டி அதன்மேல் வைத்திருந்தாள்.

"அவரு போன அன்னைக்கே பிடுங்கிட்டேனே தம்பி."

சுருட்டிய ஒயரைத் தொட்டுப் பார்த்தான்.

தன் மடிக்கணினியைத் தரையில் வைத்துத் திறந்து, அந்த நகலுக்குள் நுழைந்தான். பாலம். கீழே தண்ணீர் ஓடும் சத்தம். கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை.

பாலத்தின் நடுவில் சிவப்புச் சட்டை போட்ட ஓர் உருவம் முதுகைக் காட்டி நின்றது.

மெதுவாகத் திரும்பியது.

திரையின் அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

'வந்துட்டியாடா.'

அண்ணி அவன் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். அவள் குரல் காற்றாகத்தான் வந்தது.

"எதுக்குத் தம்பி அவரு தனியா நிக்கிறாரு? ஊரே காலியாயிடுச்சு, தம்பிக்கு வேலை போயிடுமோன்னு தினமும் புலம்புவாரு. அழக்கூட செஞ்சாரு."

தம்பிக்கு உடம்பெல்லாம் கூசியது. தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அவளைத் திரும்பிப் பார்க்க முடியாமல் திரையைப் பார்த்தே சொன்னான்.

"நான்தான் அண்ணி. நான்தான் அவரைத் தனியா அங்க போட்டேன். நாலு பேர் நடுவுல அவரு பேசறது எனக்கு வெக்கமா இருந்துச்சு."

கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த அவள் மூச்சு விலகியது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

அவசர அவசரமாக அண்ணன் கணக்கின் கட்டை அவிழ்த்துவிட்டு எழுதினான்: 'வாண்ணே, எல்லாரும் இருக்கற பக்கம் போகலாம்.'

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

ஒலியைக் குறைத்தான்.

குறையவில்லை.

'வேணாம்டா. அங்க உனக்கு வெக்கமா இருக்கும்.'

அடுத்த வரி வந்தது.

'நீ இங்கயே நில்லு.'

விளையாட்டிலிருந்து வெளியேறி, கணினியை அணைத்தே விட்டான். அண்ணி வாசற்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

"கிளம்புங்க தம்பி."

அவள் முகத்தைப் பார்க்காமல் கீழே இறங்கினான். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று, கைபேசியில் ஆபீஸ் பக்கத்தைப் பார்த்தான். அந்த நகல் இன்னும் திறந்துதான் இருந்தது. உள்ளே இப்போது இரண்டு பேர். ஒன்று அண்ணன். அடுத்தது அவனுடைய பெயர்.

தன்னை வெளியே இழுத்துவிடலாம் என்று வியர்த்த விரலால் கடவுச்சொல்லை அடித்தான். திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு எப்போதும் காட்டும் மரியாதையான எழுத்தில் சொன்னது:

'நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்.'