"சரி" என்று மட்டும் சொல்லாதே

மழை விட்டும் விடாத ஒரு மதியத்தில்தான் வாண்டுவை அந்த வார்டில் சேர்த்தார்கள். பழைய கட்டடம். உயரமான கூரை, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், தொட்டாலே முனகும் ஜன்னல்கள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கென்று மாடியின் கோடியில் ஒதுக்கிய இடம் அது. கட்டிலுக்குக் கட்டில் பச்சைத் திரை தொங்கியது.

வாண்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். பத்து வயது. அம்மாவுக்குக் கையில் பச்சைக் குழந்தை. அதை வார்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் லேத் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு அப்பாதான் கூட இருந்தார்.

மருந்து ஏற ஏற வாயெல்லாம் புண்ணானது. முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது.

"என்னடி, மண்டை இப்படிப் பளபளக்குது? எங்க பட்டறையில குடுத்து பாலிஷ் போட்டியா?"

"உன் மண்டையவிட இதுல முடி ஜாஸ்திதான், போப்பா."

தினமும் சாயங்காலம் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வாள். சாமியிடம் என்ன கேட்டாய் என்று ஒருநாள் அப்பா கேட்டார்.

"சரியாக்குன்னு கேக்கலப்பா. அது சாமிக்கே தெரியும். நான் பயப்படாம இருக்கணும்னு மட்டும் கேட்டேன்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு மருந்துப் பையைத் துழாவினார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பாப்பா. அவள் அம்மாவுக்கு மாற்றிவிட ஆளில்லை. அந்தத் தாய் நின்றபடியே தூங்குவாள். கூப்பிட்டால் திடுக்கிட்டு விழித்து, யார் கேட்டதென்று தெரியாமலே பதில் சொல்வாள்.

ஒருநாள் கீழே மருந்து வாங்கிக்கொண்டு அப்பா மேலே வந்தபோது, வார்டில் ஈரச் சேற்று வாடை அடித்தது. வாண்டு போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு கிடந்தாள்.

"அப்பா, நீ இப்ப இங்க வந்தியா?"

"இல்லையே. கீழ மருந்து வரிசையிலதானே நின்னேன்."

"திரைக்கு அந்தப் பக்கம் நின்னு ஒண்ணு பேசிச்சு. உன் குரல்லயே. வலிக்குதா, என்கூட வந்துடறியா, சரின்னு சொல்லுன்னுச்சு."

"நீ என்ன சொன்னே?"

"வாயே தெறக்கல. நீயா இருந்தா வந்ததும் கிண்டல் பண்ணுவியே. அதுக்குக் கிண்டல் பண்ணத் தெரியலப்பா."

நர்ஸிடம் சொன்னார். "மருந்து வேகத்துல பிள்ளைங்க இப்படித்தான் ஏதாவது சொல்லும்" என்றாள் அவள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே வாண்டுவுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. ஸ்பூனைத் தூக்கவும் கையில் தெம்பில்லை. டாக்டரம்மா அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

"உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்ல. இந்த மருந்து கேக்கணும். கேக்கலைன்னா..."

முடிக்காமலே நகர்ந்துவிட்டார்.

சாயங்காலம் வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கியது. விளக்குகள் மங்கி, அழுது வடிந்தன. அப்பா கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினார். சாமி, என்னை எடுத்துக்கோ, அவளை விட்டுடு என்று எத்தனை தடவை கெஞ்சினாரோ.

சேற்று வாடை எழுந்தது.

"அப்பா..."

வாண்டுவின் குரல்தான். தீனமாக, தேம்பலோடு.

"முடியலப்பா. எரியுதுப்பா. என்னை விட்டுடேன். சரின்னு மட்டும் சொல்லு. நான் தூங்கிடறேன்."

அவருக்குள் ஏதோ அறுந்தது. இந்தப் பிஞ்சு உடம்பு இன்னும் என்னதான் தாங்கும்? தன் ஆசைக்காக இவளை வதைக்கிறோமோ? உதடு தானாகப் பிரிந்தது.

சூடான சின்னக் கை ஒன்று அவர் வாயைப் பொத்தியது.

"பேசாதப்பா," என்று காதருகே மூச்சு வாங்கியது. "அது நான் இல்ல."

கண்ணைத் திறந்தார். வாண்டு எப்படியோ எழுந்து அவர்மேல் சாய்ந்திருந்தாள். அவள் உதடு மூடியிருந்தது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம், திரைக்குப் பின்னால், அவள் குரல் இன்னும் அழுதுகொண்டிருந்தது.

சட்டென்று நின்றது.

பிறகு பக்கத்துக் கட்டிலிலிருந்து மழலையாய் ஏதோ கெஞ்சல் கேட்டது. தூக்கம் கலையாத ஒரு தாயின் குரல் அதற்குப் பதில் சொன்னது.

"சரிடி தங்கம். சரி... தூங்கு."

"ஆன்ட்டி, சொல்லாதீங்க!" வாண்டு அலறினாள்.

நர்ஸ் ஓடினாள். டாக்டர் ஓடினார். கொஞ்ச நேரத்தில் திரைக்கு அப்பால் எழுந்த அந்தத் தாயின் ஓலத்தை அப்பா சாகும்வரை மறக்கமாட்டார்.

வாண்டு கைகளைக் கூப்பினாள். கண்ணீர் வழிந்தது. குரல் மட்டும் உடையவில்லை.

"நான் வரமாட்டேன். எங்கப்பாவும் சொல்ல மாட்டாரு. சாமி என் பக்கத்துலதான் இருக்கு. நீ போ."

திரை ஒருமுறை மூச்சு இழுத்து விட்டதுபோல் அசைந்தது. வாடை மெல்லக் கரைந்தது.

விடிந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது.

மாதங்கள் போயின. நோய் அடங்கிவிட்டது, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார் டாக்டரம்மா. பச்சைப் பிள்ளைக்காரியைப் பயமுறுத்துவானேன் என்று நடந்ததைப் பற்றி அப்பா வீட்டில் மூச்சுவிடவில்லை.

நல்ல வெயில். ஆட்டோவிலிருந்து இறங்கி, வாண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஈரக் கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்த அம்மா, அவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ... நீ இப்பத்தானேடி உள்ள இருந்து கேட்டே?"

அப்பாவின் கையை வாண்டு இறுக்கினாள். "அம்மா, நான் என்ன கேட்டேன்?"

"தம்பியத் தூக்கிக்கட்டுமான்னு ரூமுக்குள்ள இருந்து கேட்டியே. நான் கைவேலையா..."

"என்னம்மா சொன்னே?"

"சரின்னேன்."

உள்ளே குழந்தையின் சிணுங்கல் பாதியில் நின்றது.

கையை உதறிக்கொண்டு வாண்டு ஓடினாள், இன்னும் தெம்பு வராத கால்களோடு. அப்பா அறைக்குள் பாய்ந்தபோது அவள் தம்பியை நெஞ்சோடு அணைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"மூச்சு இருக்குப்பா," என்றாள். "நான் விடமாட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"அம்மாதான் சரின்னு சொன்னாங்களே..."