மகள் லைன்ல இருக்கா

“ஏத்தா, நீ கையில வச்சிருக்கது போனா, மொகம் பாக்குற கண்ணாடியா?”

ஐ.சி.யு. வாசலில் காவல் இருக்கும் குருவம்மாள் போட்ட சத்தத்தில், பெஞ்சில் தூங்கி வழிந்துகொண்டிருந்த இத்ரீஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தான். எதிரே ஒரு பெண். துப்பட்டாவின் ஓரமெல்லாம் சாரலின் ஈரம். அந்தக் கண்கள்... ஒரு அழுகையை முடித்துவிட்டு அடுத்த அழுகைக்கு இடம் பிடித்து வைத்திருந்தன.

“டாக்டர் ரத்தம் கேக்காக. ஒங்க நம்பருக்கு அடிச்சு அடிச்சு வெரல் தேஞ்சு போச்சு. போகவே மாட்டேங்கு.”

“அக்கா, என் போன்ல சாதா கால் வராது. டேட்டா மட்டுந்தான். நெட்ல கூப்புடச் சொல்லுங்க.”

“உள்ள இருக்கது வயர் போட்ட போனும்மா. நம்பர அமுக்குனா அடிக்கும். வேற ஒரு வித்தையும் அதுக்குத் தெரியாது.”

இத்ரீசுக்கு வாய் சும்மா இருக்காது. அந்த வாயால் அவன் இதுவரை பட்டதைச் சொன்னால் தென்காசியே சிரிக்கும்.

“என் நம்பர எழுதிக்கோங்கக்கா. எங்க உம்மா கால ஒடிச்சுக்கிட்டு மேல வார்டுல கெடக்கா. நான் இங்கனயேதான் இருப்பேன்.”

அவள் திரும்பினாள். “ஒங்கள யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல. எங்க வீட்டுலயும் இதான் சொல்லுவாக.”

அவன் எடுத்துக் காட்டியது ரப்பர் பேண்ட் சுற்றிய பட்டன் போன். நல்ல போன் ஐந்தருவியில் அவனுக்கு முன்னால் குளிக்க இறங்கியது, கரையேறவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது... உள்ளே படுத்திருப்பவரை நினைத்ததும் பாதி வழியிலேயே திரும்பிப் போனது.

“எழுதிக்கோங்க,” என்றாள் மெதுவாக.

ஃபாயிஸா. மேலகரம். வளைகுடாப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். நிச்சயம் வரை வந்த கல்யாணம் போன வருஷம் நின்றது. அன்று அடிக்கத் தொடங்கிய போன்தான்... “அல்லா நல்ல வழி காட்டுவான்மா” என்று ஊரே கூப்பிட்டு அழுதது. அழாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் குரல் பிளானை வெட்டி எறிந்துவிட்டு டேட்டா மட்டும் போட்டாள். வேண்டியவர்கள் நெட்டில் கூப்பிடட்டும். தெரியாத நம்பருக்கு மணியே அடிக்காது. அந்த நிம்மதிக்கு இப்படியொரு விலை இருக்கும் என்று யார் கண்டது? அவள் வாப்பா கிதிர் முகம்மதுக்கு ஈரல் போய்விட்டது. உம்மா மவுத்தான பிறகு அவளுக்கு இருப்பது அவர் ஒருவர்தான்.

பட்டன் போன் அலறும். இத்ரீஸ் ஓடிவந்து நீட்டுவான். அவன் காதுச் சூடு ஆறாத போனைத் தன் காதில் வைக்க, முதல்நாள் அவளுக்குக் கூசியது. அப்புறம் கூசவில்லை... கூசவில்லையே என்றுதான் கூசியது.

பட்டன் போனில் படம் வராது என்பதால் அவன் உம்மாவின் எக்ஸ்ரே படங்கள் அவள் போனுக்கு வந்தன.

“ஒங்க உம்மா எலும்பெல்லாம் என்ட்டதான் இருக்கு.”

“பத்திரமா வச்சுக்கோங்க. எங்க வீட்டுல வேற நகை கெடையாது.”

வெளியே சாரல் வீசிக்கொண்டே இருந்தது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும் வண்டிகள் பாட்டும் கும்மாளமுமாக ஆஸ்பத்திரி வாசலைக் கடந்தன. உள்ளே கிதிர் முகம்மதின் மூச்சு நாளுக்கு நாள் சுருங்கியது.

அவருடைய தங்கை, ஃபாயிஸாவின் மாமி ஜாஹிரா பீவி ஒரு காலையில் வந்தாள். ஃபாயிஸா உள்ளே வாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோயாளியின் வீட்டாரைக் கூப்பிடும் நம்பர்கள் எழுதிய அட்டை குருவம்மாளின் மேசையில் கிடந்தது; அதில் மாமியின் கண் நின்றது.

“யாரு இந்த இத்ரீசு?”

பெஞ்சிலிருந்து அவன் எழுந்தான். “நான்தான் மாமி. ஐந்தருவில பழக்கடை.”

மாமி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “ஏற்கெனவே ஒரு நிச்சயம் நின்னு, புள்ள பேரு ஊரு வாயில கெடக்கு. கொமரு புள்ள பேருக்குப் பக்கத்துல வேத்து ஆம்பள நம்பரா? கோடு போட்டு அடிங்கம்மா அத.”

அவன் தடுத்திருக்கலாம். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயாடிகளுக்கு ஒரு வியாதி உண்டு; உண்மையிலேயே வலித்தால் மட்டும் வாய் வராது. “அடிச்சிருங்கக்கா,” என்று சொல்லிவிட்டு மாடியேறினான்.

மாமி, ஃபாயிஸாவின் நம்பரை மனப்பாடமாக ஒப்பித்தாள். தினமும் நெட்டில் பேசுகிற நம்பர்தானே... சாதாவாகக் கூப்பிட்டால் அது போகாது என்பது அவளுக்குத் தெரியாது. குருவம்மாளுக்குத் தெரியும். ஆனால், வீட்டு ஆளே சொல்லும்போது சரிபண்ணியிருப்பார்கள் என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் குளித்து உடை மாற்ற ஃபாயிஸா மேலகரம் போனாள். ஏதாவது என்றால் இத்ரீசுக்கு போன் வரும்; அவன் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்காரர் போனிலிருந்து நெட்டில் கூப்பிடுவான் என்று நம்பியிருந்தாள். அந்த நம்பரை அவளே சேமித்து வைத்திருந்தாள். கிளம்பும்போது பெஞ்சு காலியாக இருந்ததைப் பார்த்தாள். அவன் எங்கே என்று கேட்க ரோஷம்.

அரை மணி நேரம் ஐ.சி.யு. அந்தச் செத்த நம்பரையே கூப்பிட்டது. குருவம்மாள் மாடிக்கு ஓடிவந்தாள். “தம்பி, அந்தப் புள்ள எங்கன? அவுகளுக்கு மூச்சு இழுக்கு!”

இத்ரீஸ் டீக்கடைக்குப் பாய்ந்தான். மழை வலுத்திருந்தது. மேலகரம் பக்கம் கரண்ட் போயிருந்தது. நெட் சுற்றியது... சுற்றியது... போய்ச் சேரவே இல்லை. சாதாக் காலாக இருந்திருந்தால் ஒருவேளை போயிருக்கும். டீக்கடைக்காரரின் மகன் அவளைக் கூட்டிவர வண்டியை எடுத்தான். இத்ரீசும் ஏறப்போனான், வாசலில் நின்று குருவம்மாள் கத்தினாள்.

“ஒருத்தராச்சும் உள்ள வாங்களேன்ப்பா!”

அவன் திரும்பி உள்ளே போனான்.

நனைந்த துப்பட்டாவோடு ஃபாயிஸா வந்தபோது வாப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். செய்தி கேட்டு வந்த மாமி தரையில் விழுந்து கிடந்தாள். சுவரோரம் நின்ற இத்ரீசை ஃபாயிஸா பார்க்கவில்லை.

இறந்தவருக்கு ஓதும் கத்தமெல்லாம் முடிந்து ஒருநாள் ஐந்தருவிச் சாலையில் அவன் கடை முன்னால் வந்து நின்றாள். மாமி ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள். ரம்புட்டானை அடுக்கிக்கொண்டிருந்த இத்ரீஸ் அப்படியே நின்றுவிட்டான்.

“மாமிதான் கூட்டிட்டு வந்தாக. நம்பர மாத்துனத சொல்லி அழுதுக்கிட்டே இருக்காக,” என்றாள். “வாப்பா கூட உள்ள இருந்தது நீங்கதானாமே. என்ன நடந்துச்சு?”

அவன் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

“ஒரு பொய் சொன்னேன். ‘மவ எங்கன’ன்னு கேட்டாக. ‘வந்துக்கிட்டு இருக்கா’ன்னேன். திருப்பித் திருப்பி கேட்டாக. கண்ணு வாசலயே பாக்குது... எனக்குத் தாங்கல. என் போன எடுத்து அவுக காதுல வச்சு, ‘ஃபாயிஸா லைன்ல இருக்கா, பேசுங்க சாச்சா’ன்னேன். அந்தப் பக்கம் யாருமே இல்ல.”

அவள் கடைக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். “பேசுனாகளா?”

“பேசுனாக. ‘பெருநாளைக்கு லீவு தரலம்மா, உம்மாட்ட பக்குவமா சொல்லு. பள்ளிக்கூடத்துக்குக் கொடை கொண்டு போ. அந்தப் பய வேண்டாம்னு போனா போறான், நீ சாப்பிடாம கெடக்காத. கார்டு தீருது, வச்சிருதேன்’... அதோட கண்ண மூடிட்டாக. என்ன திட்டுங்க. ஒரு மவுத்து நேரத்துல வெறும் போன நீட்டி ஏமாத்திட்டேன்.”

அவள் திட்டவில்லை. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவளை உலுக்கியது.

“வாப்பா இருவது வருஷம் துபாய்ல இருந்தாக. போன் கார்டுல காசு தீர்றதுக்குள்ள எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு வச்சிருவாக. நாங்க பதில் பேச வாய் தொறக்கதுக்குள்ள லைன் போயிரும். சின்ன வயசுல வாப்பாட்ட பேசுன ஞாபகமே எனக்கு இல்ல. கேட்ட ஞாபகந்தான்.” கண்ணைத் துடைத்தாள். “நீங்க ஏமாத்தல. என்ட்ட எப்பவும் பேசுற மாதிரியேதான் பேசிட்டுப் போயிருக்காக.”

சாரலில் அவள் இமைகள் நனைந்திருந்தன... எது மழை, எது கண்ணீர் என்று அவனால் பிரிக்க முடியவில்லை.

“சொல்லக்கூடாத நேரம் இது,” என்றான். “ஆனா மாமி என் நம்பர அடிக்கச் சொன்ன அன்னைக்கு வாய மூடிக்கிட்டு மாடியேறுனேன் பாருங்க... அதனால ஒங்க வாப்பா உசுரு போற நேரத்துல அரை மணி நேரம் வீணாப் போச்சு. இனி எதையும் முழுங்க மாட்டேன். எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு. வேண்டாம்னா சொல்லிருங்க. எந்திரிச்சு நடமாட முடியாத உம்மா, ஈரமான பழக்கடை, என் வாய்... அவ்வளவுதான் நான்.”

சொல்லி முடித்ததும் தராசைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

“பதில் கேப்பீங்களா... இல்ல நீங்களும் வச்சிருவீங்களா?”

அவன் திரும்பினான். “கேக்கேன்.”

ஆட்டோவிலிருந்து மாமி எட்டிப் பார்த்தாள். ஃபாயிஸா அவசரப்படவில்லை.

“வாப்பாவ நெனச்சு எனக்கு இன்னும் ரொம்ப நாளைக்கு அழணும். ஒங்க பக்கத்துல உக்காந்து அழணும் போல இருக்கு,” என்றாள். “எனக்கும் ஒங்களப் புடிச்சிருக்கு.”