இடதுபுறம் திரும்புங்கள்

காரின் பின்கதவைத் திறந்தவள் ஏறாமல் நின்றாள்.

சீட்டில் ஏற்கெனவே ஒரு மூட்டை ஆரஞ்சு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. குடைக்கு சீட் பெல்ட் வேறு போட்டிருந்தது.

"தனிப் பயணம்னுதானே புக் பண்ணேன்?" என்றாள். குரல் மரத்தில் உப்புத்தாள் தேய்த்த மாதிரி வந்தது. "இவங்களும் கூட வர்றாங்களா?"

ஸ்டீயரிங்கில் இருந்தவன் திரும்பினான். "ஆரஞ்சு பாதியில இறங்கிடும்ங்க. குடை மட்டும் கடைசி வரைக்கும் வரும். வானத்தைப் பாருங்க."

வானத்தைப் பார்த்தாள். மேகம் கூடிக்கொண்டிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்... அவனையும் பார்த்துத் தொலைத்தாள். சிரிப்பு உதட்டுக்கு வருவதற்கு முன்பே கண்ணுக்கு வந்துவிடுகிற ரகம். இந்த மாதிரிக் கண்களோடு ஒரு நாள் முழுக்க ஒரே காரில்... சரிதான்.

முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள்.

டிராவல்ஸ் நடத்தும் அவனுடைய அக்கா முதல் நாளே போனில் எச்சரித்திருந்தாள். வண்டி ஓட்டுவதும் தம்பி, இடங்களைச் சுற்றிக் காட்டுவதும் தம்பி. வீட்டில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். காது வலித்தால் வாயை மூடச் சொல்லலாம், கோவித்துக்கொள்ள மாட்டான்.

ரேடியோ ஊர் எல்லை தாண்டுவதற்குள் மழையைப் பற்றி, மாடுகளைப் பற்றி, அக்காவின் கணக்குப் பிழைகளைப் பற்றி எல்லாம் ஒலிபரப்பி முடித்துவிட்டது. நடுவில் அவள் தொண்டையைப் பற்றியும் விசாரித்தது. கட்டியிருக்கிறது என்றாள்.

பொய்.

லிஃப்டில் 'கதவுகள் மூடுகின்றன' என்று ஒரு குரல் சொல்லுமே... வங்கிக்குப் போன் போட்டால் 'தயவுசெய்து காத்திருங்கள்' என்று இனிமையாகக் கழுத்தறுக்குமே... அது அவள். அவளுடைய அக்காவின் கணவர், அத்தான், நடத்தும் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜன்னலே இல்லாத அறைக்குள் நின்று ஊருக்கெல்லாம் வழி சொன்னவள். போன வருஷக் கடைசியில் தொண்டைக்குள் சின்னதாக ஒரு வீக்கம். டாக்டர் எடுத்தார். கொஞ்ச நாள் பேசவே கூடாது என்றார். பேசலாம் என்று அவர் சொன்ன அன்று ஆசையாக வாயைத் திறந்தால்... வேறு யாரோ பேசினார்கள்.

இப்போது போய்க்கொண்டிருக்கிற மலைக்கோட்டை இடிபாடுகளுக்கும் அவள்தான் குரல். வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டபடியே சுற்றிப் பார்க்கும் ஹெட்போனில் இருப்பது அவள் பேச்சு. இடத்தைப் பார்க்காமலே, எழுதிக் கொடுத்ததைப் படித்தது. அதில் ஏதோ ஓர் இடத்தில் தப்பாம். முழுவதையும் மறுபடி பதிவு செய்யச் சொல்லிவிட்டார்கள்.

வருகிற புதன்கிழமை பேசிப் பார்க்கலாம் என்றார் அத்தான். "சரியா வரலேன்னா வேற பொண்ணு ரெடியா இருக்காம்மா... தப்பா எடுத்துக்காதே" என்றும் சொன்னார்.

எடுத்துக்கொள்ளவில்லை. கை நழுவிப் போவதற்கு முன்னால், தான் வர்ணித்த இடத்தை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டாள். அவ்வளவுதான்.

வாசலில் அவன் ஹெட்போன் இரண்டு வாங்கினான். தனக்கும் ஒன்று. அவள் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"வேணும்ங்க. நான் பாதிதான் சொல்வேன். மீதியை இந்தம்மா சொல்லுவாங்க. எங்களுக்குள்ள அப்படி ஒரு ஒப்பந்தம்."

மாட்டிக்கொண்டாள். வெயிலில் உலர்ந்த வெள்ளைத் துணி மாதிரி மடிப்புக் கலையாமல் வந்தது அந்தக் குரல். தொலைந்துபோன தன் செருப்பை யாரோ போட்டுக்கொண்டு முன்னால் நடப்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

'ஒரு காலத்தில் இந்நகரத்தின் கடைசிப் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது... கடல்.'

'கடல்' என்ற சொல்லுக்கு முன்னால் மெல்லிசாக ஒரு மூச்சு கேட்டது. பதிவைச் சுத்தம் செய்யும்போது அத்தான் அதை வெட்ட மறந்துவிட்டார். தொழில் தெரிந்தவள் என்பதால் அது அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

அவனோ ஹெட்போனோடு குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தான். தூண்களைத் தொடாதீர்கள் என்று குரல் சொன்னால் "தொடலம்மா" என்பான். படிகளில் கவனம் என்றால் "நேத்தும் இதையேதான் சொன்னீங்க" என்பான். அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டி...

வாங்கும்போது, வேண்டுமென்றேதான், அந்தக் குரலுக்கு என்ன வயது இருக்கும் என்று கேட்டு வைத்தாள்.

"அம்பதுக்குக் குறையாதுங்க. தலைமை ஆசிரியையா இருந்து ரிட்டயர் ஆனவங்க. மூக்குக் கண்ணாடி சங்கிலியில தொங்கும்."

"நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"பார்த்தாதான் தெரியுமா?"

இருபத்தேழு வயதுக்காரிக்கு உச்சந்தலை சூடானது. தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு முன்னால் நடந்தாள். பாதை இரண்டாகப் பிரிந்தது. அவன் பின்னாலிருந்து, இங்கேதான் ஹெட்போன் அம்மா சறுக்குவார், கேளுங்கள் என்றான்.

'இடதுபுறம் திரும்புங்கள். நீங்கள் காண்பது அரசியின் குளியல் மண்டபம்.'

மண்டபம் வலதுபுறம் நின்றுகொண்டிருந்தது. செதுக்கிய தூண்களோடு, ஜம்மென்று. இடதுபுறம் கூரை போன ஒரு சந்து, அதன் முடிவில் ஒரு மொட்டைச் சுவர்.

அவளுக்கு அந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. எழுதிக் கொடுத்த தாளில் எந்தப் பக்கம் என்பதே விட்டுப்போயிருந்தது. அறைக்குள்ளிருந்து கண்ணாலேயே கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவளைப் பார்த்து உட்கார்ந்திருந்த அத்தான் வலது கையை நீட்டினார். அவருக்கு வலது... எதிரே நின்ற அவளுக்கு அது இடது பக்கம். அப்படியே படித்துவிட்டாள். அவரும் தலையாட்டிவிட்டார்.

"யாராவது அவங்களுக்குத் தப்பா காட்டியிருக்கலாம்" என்றாள் வெடுக்கென்று.

"அதுக்கு நீங்க ஏன்ங்க கோவப்படறீங்க?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லை."

கோபமேதான். இல்லாவிட்டால் வீம்புக்கு இடதுபுறம் திரும்பி அந்தச் சந்துக்குள் விறுவிறுவென்று நடந்திருப்பாளா? பாதி தூரம் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முதலில் தயங்கித் தயங்கி நான்கு துளி... அப்புறம் சளசளவென்று. பின்னால் ஓடிவந்த குடை அவள் தலைக்கு மேல் விரிந்தது.

சுவரின் நடுவில் ஒரு கல் பெயர்ந்து விழுந்திருந்தது. அந்த இடைவெளியில் எட்டிப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

மலை சரிந்து, மரங்கள் சரிந்து, எல்லாம் முடிகிற இடத்தில் மழைத்திரைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில், வெள்ளியில் ஒரு கோடு கிழித்த மாதிரி...

அவளையறியாமல் ஒரு மூச்சு இழுத்தாள். "கடல்..."

திரும்பினாள். குடை முழுக்க அவள் பக்கம். அவன் தொப்பலாக நனைந்து, இமையில் துளி தொங்க, அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ரேடியோ நின்றுபோயிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வேலைக்கு வந்த புதுசுல எனக்கும் வழி தெரியாதுங்க. காதுல சொன்னதை நம்பித் திரும்பினேன். இங்க வந்து நின்னேன். அப்புறம் தினமும் மத்தியானச் சாப்பாடு இந்தச் சுவர்கிட்டதான். தப்பு, திருத்துங்கன்னு நான் மட்டும் யார்கிட்டயும் போய்ச் சொல்லல."

மலையிலிருந்து இறங்கும் வழி முழுக்க அவன் வாயே திறக்கவில்லை. வைப்பர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது. காது வலிக்கும் என்று சொன்னார்களே... வலிக்காததுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

கடலோரச் சிற்றூர் மழையில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தது. நீலக் கதவு, மஞ்சள் கதவு, கவிழ்த்துப் போட்ட படகுகள். ஆரஞ்சு மூட்டை அவனுடைய சித்தியின் சாப்பாட்டுக் கடையில் இறங்கியது. சித்தி ஆரஞ்சை வாங்குவதற்கு முன்னால் அவளை மேலும் கீழும் பார்த்தாள். தட்டில் மீனைப் போட்டுவிட்டு எதிரிலேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா, காது இருக்கா? இல்ல, கழண்டு விழுந்துடுச்சா?"

"இன்னிக்கு அவ்வளவா பேசல" என்றாள் அவள்.

"அப்ப அந்த ஹெட்போன்காரி நினைப்பா இருக்கும். எத்தனை பொண்ணு சொல்லியாச்சு தெரியுமா? அக்காகாரி அலையோ அலைன்னு அலையறா. இவன் ஒவ்வொருத்தியையும் தட்டிக் கழிக்கறான். மலை மேல ஒரு குரல் இருக்காம். கட்டினா அந்தக் குரலைத்தான் கட்டுவானாம்."

"சித்தி, அடுப்புல மீன் கருகுது பாரு."

"மீன் கருகலடா. உன் மூஞ்சிதான் கருகுது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நெஞ்சுக்குள் ஒரு கதவு படாரென்று திறந்தது. அவளைத்தான்... இவன் அவளைத்தான்...

திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது.

அவளையா? அந்த வெள்ளைத் துணிக் குரலை. அது எங்கே இருக்கிறது இப்போது? நான்தான் அது என்று இந்த உப்புத்தாள் தொண்டையால் சொன்னால், அந்தக் கண்களில் வருமே ஒரு ஏமாற்றம்... அதைப் பார்க்க அவளால் ஆகாது. புதன்கிழமை அத்தானின் முகத்தில் பார்க்கப் போவதே போதும்.

சாப்பாடு பாதியில் நின்றது. தலை வலிக்கிறது, திரும்பிவிடலாம் என்றாள். சித்தி ஏற இறங்கப் பார்த்தாள். அவன் ஒன்றும் கேட்காமல் கார்ச் சாவியை எடுத்தான். ஆனால் கார் கரையோரமாக நின்றிருந்தது. அதை நோக்கி நடந்த அவள் கால்கள் தாமாகவே ஈர மணலில் இறங்கிவிட்டன. அவனும் மூடிய குடையோடு பின்னாலேயே வந்தான்.

அலை வந்து காலை நனைத்தது. முகத்தைத் திருப்பாமல் கேட்டாள். "அந்தக் குரல்காரி இப்ப எதிர்ல வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?"

"தலைமை ஆசிரியையாச்சே... கால்ல விழுவேன்."

அவள் சிரிக்கவில்லை. "வந்து நின்னு... வாயைத் திறந்து... அந்தக் குரல் இல்லேன்னா? என்னை மாதிரி இருந்துச்சுன்னா?"

"இருக்கே" என்றான்.

அலை திரும்பிப் போனது. அவள் திரும்பினாள்.

"சுவர்கிட்டயே தெரிஞ்சுடுச்சுங்க. 'கடல்'னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பாங்க அவங்க. ஜில்லுன்னு இருக்கற தண்ணியில கால் வைக்கப் போற மாதிரி. ரெண்டு வருஷமா தினமும் கேக்கறேன். இன்னிக்கு அதே மூச்சு... ஹெட்போன்ல இல்ல, என் குடைக்கு அடியில கேட்டுச்சு." அவன் குரல் தடுமாறியது. "சித்தி சொன்னது தப்பு. குரல் இல்லீங்க. எனக்கு அந்த மூச்சுதான்."

அவள் கண்களில் மழை மிச்சம் இருந்திருக்க வேண்டும். துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அம்பது வயசுன்னு விளையாட்டுக்குச் சொன்ன வாயால எப்படிங்க சொல்றது? அதோட... நீங்களா மறைக்கறப்ப நான் எப்படி உரிமையெடுத்துக் கேக்கறது?"

அப்போதுதான் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். வீக்கத்தை, அத்தானை, அவர் நீட்டிய கையை, புதன்கிழமையை, ரெடியாக இருக்கும் வேறு பெண்ணை. தொண்டை கரகரத்தது, நடுநடுவே உடைந்தது. அவன் குறுக்கிடாமல் கேட்டான். ரேடியோவுக்குக் கேட்கவும் தெரிந்திருந்தது.

குரல் மாறவில்லை என்று அவன் பொய் சொல்லவில்லை. "மாறித்தான் இருக்கு. காலையில ஆரஞ்சைப் பத்தி அந்தக் குரல்ல கேட்டிருந்தீங்கன்னா, தப்புதான் டீச்சர்னு இறங்கி ஓடியிருப்பேன். இந்தக் குரல் பக்கத்துல உட்கார்ந்து பேசுது. மலை மேல தனியா வர்றவங்களுக்கு அதுதானேங்க வேணும்?"

காரில் ஏறியதும் அத்தானுக்குப் போன் போட்டாள். புதன்கிழமை வரைக்கும் எதற்கு, இப்போதே கேளுங்கள் என்றாள். தாள் இல்லை, கண்ணாடி இல்லை. எதிரே மழை கழுவிய சாலை மட்டும். கரகரப்பை ஒளிக்காமல், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"வலதுபுறம் திரும்புங்கள். அரசியின் குளியல் மண்டபத்தைப் பாருங்கள். அவசரம் இல்லாதவர்கள்... திரும்பி வந்து, இடதுபுறச் சந்தில் கொஞ்சம் நடந்து போகலாம். அங்கே ஒரு சுவர் இருக்கிறது. சுவரில் ஒரு கல் இல்லை. அந்த இடத்தில்..." மூச்சு. "...கடல்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"புதன்கிழமை காலையிலேயே வந்துடும்மா" என்றார் அத்தான், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "அந்தப் பொண்ணை வர வேண்டாம்னு சொல்லிடறேன். இந்தத் தடவை நான் கையைக் காட்ட மாட்டேன்."

"அத்தான், ஒண்ணே ஒண்ணு. மூச்சை மட்டும் வெட்டிடாதீங்க."

போனை வைத்தபோது அவன் நேரே சாலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணும் உதடும் சேர்ந்து.

"எனக்கு அவசரமே இல்லீங்க" என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் தெரிந்த முகம் சிவந்திருந்தது.

சந்திப்பு வந்தது. வலதுபுறம் போனால் அவள் தங்கியிருந்த விடுதி. இடதுபுறம் கரையோடு வளைந்து வளைந்து போகும் பழைய சாலை. அவன் வண்டியை மெதுவாக்கி, எந்தப் பக்கம் என்று பார்வையாலேயே கேட்டான். அவள் இடது பக்கம் பார்த்தாள்.

"அங்க ஒண்ணும் இல்லீங்களே... வெறும் கடல்தான்."

அவள் மெல்ல ஒரு மூச்சு இழுத்தாள்.

"இடதுபுறம் திரும்புங்கள்."

அவன் இண்டிகேட்டர் போட்டான்.