முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்

பூங்கோதையிடம் அன்பு குறைவாக இருந்தது. கோப்புகளை எண்ணும் ‘எண்ணி’ என்ற இயந்திரம் அப்படித்தான் சொன்னது.

"ஒன்பதாயிரத்து அறுநூத்தி எண்பத்தெட்டு." பதிவகத்து எழுத்தர் தணிகாசலம் திரையைப் பார்த்துப் படித்தார். "பத்தாயிரம் வேணும் அம்மிணி. நாளைக்குச் சாயந்திரம் மறுபடி எண்ணும். அப்பவும் குறைஞ்சா அழிச்சுருவாங்க."

இறந்தவர்களின் மனத்தை அங்கே கோப்புகளாக வைத்திருந்தார்கள். ஒரு நினைவுக்கு ஒரு கோப்பு. பெயரின் முடிவில் ஒரு புள்ளி, அதன்பின் வகை: அன்பு, அச்சம், பழக்கம், மொழி. எந்த மாற்றம் செய்தாலும் அது புதிய பதிப்பாகப் பதிவாகும். இடம் நெருக்கியபோது சட்டம் வந்தது. பத்தாயிரம் அன்புக் கோப்புகள் இல்லாத மனம் மனிதர் அல்ல.

பூங்கோதை மாடியிலிருந்து விழுந்து இறந்தவள். தங்கை நப்பின்னை இரண்டு வருடமாக வேலை முடிந்ததும் இங்கே வந்து, ஒலிபெருக்கி வழியாக அக்காவோடு பேசிவிட்டுப் போவாள்.

"நேத்துக்கூட என் ரசத்தைக் கழனித் தண்ணின்னா. அவ மனுசி இல்லீங்களா?"

"அது எண்ணிக்குத் தெரியாதுங்க. கோப்பைத் திறந்தே பாக்காது. பேரோட கடைசிச் சொல்ல மட்டும் பாக்கும்." தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "அச்சத்துல நாலாயிரம் கெடக்குது. எல்லாரும் அங்கிருந்துதான் மாத்திக்கறாங்க. நான் சொன்னேன்னு சொல்லீராதீங்க."

இறந்தவர் நினைவைத் திறந்து பார்ப்பது குற்றம். பெயரை மாற்றுவது குற்றமில்லை. அச்சப் பட்டியல் எப்போதும் போலப் புதியது மேலே, பழையது கீழே என்று வந்தது. நப்பின்னை மேலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டைத் தேர்ந்து, வகையை அன்பு என்று மாற்றினாள். ஒரு நொடி வேலை.

மறுநாள் எண்ணி பத்தாயிரம் என்றது. பூங்கோதை தேறிவிட்டாள்.

"அக்கா!"

"பின்னை, அவரு எப்ப வருவாரு?"

"யாரு?"

"உங்க மாமாதான்டி. படியில அவரு செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். கடைசியா மாடியில என் தோளப் புடிச்சாரே, அந்தக் கை இன்னும் தோள்லயே இருக்குது."

நப்பின்னை பெயர் மாற்றிய அச்சங்கள் அவனைப் பற்றியவை; அக்கா இப்போது அவற்றை அன்பாகவே உணர்ந்தாள். அந்தக் கைதான் தள்ளியது. கால் தவறியது என்று நீதிமன்றம் அக்காவின் கணவன் பழனிவேலை விட்டுவிட்டது.

நப்பின்னை தணிகாசலத்திடம் ஓடினாள். "பழைய பதிப்புக்கே திருப்பிக் குடுங்க."

"திருப்புனா உடனே எண்ணும். முந்நூத்திப் பன்னெண்டு குறையும். அப்புறம் உங்கக்கா இல்லை. திருப்பட்டுங்களா?"

நப்பின்னை ஒலிபெருக்கியிடமே திரும்பி வந்தாள்.

பூங்கோதை தினமும் கேட்டாள். கெஞ்சினாள். "நான் அவரோட சேர்றது உனக்குப் பொறாமையாடி?" என்றாள். ஒன்பதாம் நாள், பழனிவேலின் வீட்டு மணியை நப்பின்னையே அடித்தாள்.

அவன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் பூங்கோதையின் மூச்சு வேகமாயிற்று.

திரையில் எண்ணி ஒரு கோப்பைக் கூட்டியது. அன்பு: பத்தாயிரத்து ஒன்று.