எண்ணெய் மிதி

கொட்டகையின் சீமெந்துத் தரையில் ஓர் எண்ணெய்த் துளி கிடந்தது. அது அங்கே கிடந்திருக்கக் கூடாது. காரின் அடிச்சட்டமான செசியை மரக்கட்டைகளின் மேல் ஏற்றிவைத்த பின்னர் யோகலிங்கம் அதில் எண்ணெய் எதையும் ஊற்றவில்லை; சுவரோரத் தட்டுகளில் அவர் தேடிச் சேர்த்து அடுக்கியிருந்த பழங்கால ஒயில் தகர ரின்கள் யாவும் வெறுமையானவை.

துளியை விரலால் தொட்டு முகர்ந்தார். தேங்காயெண்ணெய்.

"அத்தான், உதுகளை இன்னும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறியளோ?" மனைவியின் தங்கை சுமித்திரா வாசலில் குடையை மடக்கினாள். "துருப்பிடிச்ச ரின்னுகளைத் துடைச்சுத் துடைச்சு வைக்கிறியள். அக்காவின்ர படத்துக்கு ஒரு மாலை போட மனம் வரேல்லை."

"உயிரோடை இருக்கிறவளுக்கு ஆரும் மாலை போடுவினமோ?"

"அப்ப வரச் சொல்லுங்கோவன். நானும் பாக்கிறன்."

சுமித்திரா தான் கொண்டுவந்த சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டு, கனகராயன்குளத்தில் பஸ் பிடிப்பதற்காக மழைக்குள் நடந்தாள்.

அந்தக் காரில் இடப்பக்க இருக்கையின் முன்னே சிறிய மிதி ஒன்று இருந்தது. அதனை ஒருமுறை மிதித்தால், மெல்லிய செப்புக் குழாய்களின் வழியாக அடிப்பாகத்தின் ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் சென்று சேரும். போரின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒயில் கிடைக்காதபோது, மனைவி சிவரூபி தன் கூந்தலுக்கென வைத்திருந்த தேங்காயெண்ணெயை அதற்குள் ஊற்றினாள். அவர் மண்ணெண்ணெயில் எஞ்சினைக் கிளப்பப் போராடும் வேளைகளில், அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்துக்கொண்டிருப்பாள். இடம்பெயர்ந்து கடற்கரையை நோக்கிச் சென்ற இறுதிப் பயணத்தில் மண்ணெண்ணெய் தீர்ந்தது. அதனைத் தேடி அவர் இறங்கியபோது, "நீங்கள் வாறவரைக்கும் நான் இறங்கமாட்டன்" என்றாள். எறிகணைகள் பாதையை மூடின. அவரால் திரும்பிச் செல்ல இயலவில்லை.

பல ஆண்டுகளின் பின்னர், ஒட்டுசுட்டானில் பழைய இரும்பு வாங்குபவரின் முற்றத்தில் அந்தச் செசியைக் கண்டார். செப்புக் குழாயில் தாம் ஈயத்தால் பற்றவைத்த ஒட்டைக்கொண்டு அடையாளம் தெரிந்தது. காருக்குள் எவருடைய எச்சமும் இருக்கவில்லை என்று அந்த மனிதர் கூறினார். அந்த ஒரு வாக்கியமே யோகலிங்கத்தை உயிரோடு வைத்திருந்தது. ஆகவே அவள் இறங்கியிருக்கிறாள். இறங்கியவள் எங்கோ இருக்கிறாள்.

மாலை இருண்டது. மின்சாரம் நின்றது. தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருக்க, ஈர மண்ணின் மணத்தையும் துருவின் மணத்தையும் மேவி, தேங்காயெண்ணெய் தடவித் தலைவாரும் அறையொன்றின் மணம் கொட்டகையெங்கும் மெல்லப் பரவியது.

பின்னர் அந்த ஓசை கேட்டது. ஒரு சுருள்வில் அமிழ்ந்து, நீண்ட பெருமூச்சாய் மேலெழும் ஓசை.

மீண்டும் கேட்டது.

அவர் ரோச் லைட்டுடன் செசியின் அடியில் மல்லாந்து படுத்தார். எண்ணெய் கசியும் இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஆனால் கசிவு ஓரிடத்தில் இல்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துளி திரண்டு நின்றது. ஒன்று அவருடைய நெற்றியில் விழுந்தது.

சூடாக இருந்தது.

ஒளியை மேலே திருப்பினார். செசிக்குத் தளமில்லை. இருக்கையில்லை. மிதி மட்டும் தாழ்ந்தது.

அதன் மேல் ஒரு பாதம். வெறும் பாதம். அடியில் கடல்மணல் ஒட்டியிருந்தது.

"இஞ்சேருங்கோ." களைத்துப்போன குரல். "மண்ணெண்ணெய் கிடைச்சதோ?"

அவர் ஒளியைப் பாதத்திலிருந்து அகற்றவில்லை.

"கால் உளையுது. இனி இறங்கட்டோ?"

ஓம் என்றால் அவள் இறங்குவாள். வேண்டாமென்றால் அங்கேயே இருப்பாள், இத்தனை காலமும் இருந்ததைப் போல. அவர் அழுதார். மணல் அவருடைய கண்களுக்குள் உதிர்ந்தது.

மிதி மேலெழுந்தது. பாதம் அதனை விட்டு நீங்கியது. வெறுவெளியில், விரல்களை விரித்து, தரையைத் தேடியபடி, அவருடைய நெஞ்சை நோக்கி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.