இரண்டு தடவை சிமிட்டினால்

காத்திருந்தவர்கள் ஆளுக்கொரு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மதிய வேளையில்தான் அந்த அம்மாள் வந்தாள். கையில் குடை, தோளில் பை, காலில் தேய்ந்த செருப்பு. எந்தப் பேருந்திலும் நம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கக்கூடிய பெண்மணி. பார்த்துப் பயப்பட அவளிடம் ஒன்றுமே இல்லை.

மருத்துவமனை என்று பெயர். உண்மையில் அது யாரோ குடியிருந்து காலிசெய்த பழைய வீடு. படுக்கையறையில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். சமையலறையாக இருந்த இடத்தை, ஜன்னலை அடைத்து, சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டி, மூளையைப் படம் பிடிக்கும் அறையாக்கியிருந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் பட்டப்பகலும் இருட்டிவிடும். தலையில் தடவும் ஜெல் வாசனையும், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் மட்டும் மிஞ்சும்.

அந்த அறையில் தொப்பியக்கா வைத்ததுதான் சட்டம். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள். வருகிறவர் தலையில் கம்பிகள் தொங்கும் தொப்பியை மாட்டி, மூளையின் அலைகளைத் திரையில் கோடுகளாக ஓடவிடுவது அவள் வேலை. மனச்சோர்வு என்று டாக்டர் சொன்னால் அடுத்தது துணித்தொப்பி. அதில் குறித்த இடத்தில் காந்தக் கருவியை வைத்து, வெளியிலிருந்தே காந்தத் துடிப்பால் மூளையைத் தட்டுவாள். கத்தியில்லை, ரத்தமில்லை, பலருக்கு மனம் தெளியும். கைராசிக்காரி என்று பெயர் வாங்கியவள். இப்போதெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு கூசியது.

"தொப்பியக்கா நீங்கதானே?" என்றாள் வந்தவள். "என் பொண்ணு வாய் ஓயாம உங்களப் பத்தியே பேசுவா. போன வருஷம் இங்க வந்துட்டிருந்தாளே. பாப்பான்னு கூப்பிடுவோம்."

தொப்பியக்கா நாற்காலியைத் துடைக்கத் தொடங்கினாள்.

பாப்பாவை எப்படி மறக்க முடியும்? கல்லூரியைப் பாதியில் விட்டு வீட்டோடு முடங்கிப்போன பெண். முதல் நாள் காந்தம் தட்டியதும் கட்டைவிரல் தானாகத் துள்ள, "அக்கா, என் விரல் உங்களுக்கு ஓகே சொல்லுது!" என்று சிரித்தவள். விரல் துள்ளுகிற அந்த இடத்திலிருந்து முன்னால் அளந்துதான் சிகிச்சை இடத்தைத் துணித்தொப்பியில் மையால் குறிப்பார்கள். ஆளுக்கொரு தொப்பி. ஒருவருடையது இன்னொருவருக்கு ஆகாது.

சில நாள் கழித்துப் பாப்பா சொன்னாள், "அக்கா, தொப்பி கொஞ்சம் இறுக்கமா இருக்கே."

"தலைக்கனம் ஏறிடுச்சோ என்னவோ!" என்று தொப்பியக்கா கிண்டலடித்தாள்.

வெளியே கூட்டம். அவ்வப்போது விரலைத் துள்ளவைத்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பாப்பாவும் அதன்பிறகு தொப்பியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வந்தாள், உட்கார்ந்தாள், போனாள். ஒரு விடியற்காலையில் இல்லாமலே போனாள். எப்படி என்று யாரும் உரக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் அலமாரியை நகர்த்திப் பெருக்கும்போதுதான் பின்னால் விழுந்து கிடந்த பாப்பாவின் தொப்பி அகப்பட்டது. அப்படியானால் இத்தனை நாளும் அவள் தலையில் மாட்டியது? குணமாகிப் போய்விட்ட ஒரு தையற்காரருடையது. அவருக்குச் சின்னத் தலை. குறி இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது. சரியான இடத்தில் தட்டியிருந்தால் பெண் பிழைத்திருப்பாளா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அந்தத் தெரியாமைதான் தொப்பியக்காவை உட்கார விடாமல், தூங்க விடாமல் தின்றது. இரண்டு தொப்பிகளையும் கத்தரித்துக் குப்பையில் போட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது அதே நாற்காலியில் பாப்பாவின் அம்மா.

தொப்பியக்கா கம்பித் தொப்பியை மாட்டினாள். எல்லாருக்கும் சொல்வதை ஒப்பித்தாள். "கண்ண மூடிக்குங்கம்மா. அசையக் கூடாது, பேசவும் கூடாது. ஏதாவது வேணும்னா கண்ணத் தொறந்து ரெண்டு தடவை சிமிட்டுங்க. எனக்குத் திரையில தெரியும். உடனே வந்துடுறேன்."

விளக்கை அணைத்தாள். கோடுகள் ஓடத் தொடங்கின. யாராவது சிமிட்டினால் மேல்வரிசைக் கோட்டில் ஒரு மேடு எழும்பும். அதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மேடு. இன்னொரு மேடு.

எழுந்து போய்க் குனிந்தாள். "என்னம்மா வேணும்?"

"எனக்கா? ஒண்ணும் வேணாமே." அம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தவள் இந்தத் தடவை திரையைப் பார்க்கவில்லை. அம்மாளின் முகத்தையே பார்த்தாள். நீல வெளிச்சத்தில் இரண்டு இமைகளும் அசையாமல் கிடந்தன. ஒரு துடிப்புக்கூட இல்லை. போதுமான நேரம் பார்த்துவிட்டு, அதற்குள் ஓடி முடித்திருந்த கோடுகளைப் பார்த்தாள்.

மேடு. மேடு.

மேடு. மேடு.

மூடிய கண்ணுக்குப் பின்னாலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒயர் கோளாறு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். விளக்கைப் போட்டு, கம்பித் தொப்பியைக் கழற்றி தொப்பிகளை மாட்டிவைக்க மேசையிலிருந்த ஸ்பாஞ்சுத் தலையில் தளர்வாக மாட்டினாள். உயிருள்ள தலை இல்லாவிட்டால் அது கண்டபடி கிறுக்கும். திரை முழுக்கக் கிறுக்கியது. டாக்டர் எட்டிப் பார்த்து, "படம் பூரா ஒரே சிமிட்டலா இருக்கே, அம்மாவுக்குப் பொறுமையே இல்ல போல!" என்று சிரித்தார். காந்தத்துக்கும் இன்றைக்கே அளந்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

புதுத் துணித்தொப்பி. உறையை அம்மாளின் கண் முன்னால்தான் கிழித்தாள். அளந்ததையே மறுபடி அளந்தாள். பிறகு, அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள்.

"இறுக்கமா இருக்காம்மா?"

அம்மாளின் கட்டைவிரல் துள்ளியது.

காந்தக் கருவிக்கு இன்னும் சுவிட்சே போடவில்லை.

"பயப்படாதீங்க," என்று அம்மாள் கிசுகிசுத்தாள். "இதுக்காகத்தான் வந்தேன். அவ போனதுலேருந்து இந்த விரல் இப்படித்தான் துள்ளுது. நான் கண்ண மூடினா போதும், தட்டி எழுப்புற மாதிரி."

தொப்பியக்கா அளவு நாடாவைக் கீழே வைத்தாள்.

"தொப்பி இறுக்கமா இருக்குன்னு வீட்ல வந்து அழுதாம்மா. நான்தான் திட்டினேன். அவங்களுக்குத் தெரியாதா, நீ பெரிய இவளா, வாய மூடிட்டுப் போயிட்டு வான்னு. அதுக்கப்புறம் அவ எதுக்குமே வாய் தொறக்கல." அம்மாள் தொப்பியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க. தொப்பி சரியாத்தானே இருந்துச்சு?"

விரல் துள்ளியது. துள்ளிக்கொண்டே இருந்தது.

உண்மையைச் சொன்னால் பிழைப்பு போகும். அது கிடக்கட்டும், மகள் சொன்னது நிஜம், நான்தான் வாயை அடைத்தேன் என்று இந்தத் தாய் ஆயுசுக்கும் வெந்துகொண்டிருப்பாள். பொய் சொன்னால் இரண்டு பேருக்கும் நல்லது. இப்படித்தான் தொப்பியக்கா தனக்குச் சொல்லிக்கொண்டாள். இரக்கமும் கோழைத்தனமும் சேர்ந்து வந்தால் எது எதென்று பிரித்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

"சரியாத்தான் இருந்துச்சும்மா. நானே பாத்தேன்."

அம்மாள் அழுதாள். வருஷம் முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை. அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோதுதான் கவனித்தாள்.

"பாருங்க. நின்னுடுச்சு."

விரல் அமைதியாகக் கிடந்தது. இனி காந்தமெல்லாம் எதற்கு என்று அம்மாள் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தாள். "நீங்க நல்லா இருக்கணும்மா" என்று கையை இன்னொரு தரம் அழுத்திப் பிடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பிடித்துவிட்டுப் போன இடம் சில்லென்று இருந்தது.

கட்டைவிரல் துள்ளியது.

தொப்பியக்காவின் கட்டைவிரல்.

மறு கையால் அதை இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கைக்குள் அது சிக்கிய பூச்சி போலத் துடித்தது. அப்போதுதான் திரை கண்ணில் பட்டது. கிறுக்கல் இல்லை. நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய அலைகள் போல, கோடுகள் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தன.

கண்ணோ மூக்கோ இல்லாத ஸ்பாஞ்சுத் தலை அவளைப் பார்த்திருந்தது. அவள் தளர்வாக மாட்டிய தொப்பியின் பட்டை ஸ்பாஞ்சுக்குள் பதிந்து இறுகியிருந்தது.

ஒயரைப் பிடுங்கினாள். கோடுகள் நிற்கவில்லை.

"இறுக்கமாத்தான் இருந்துச்சு பாப்பா," என்றாள். "தப்பு என்னோடதுதான்."

சொல்லிவிட்டாள். ஆனால் அதைக் கேட்க வேண்டியவள் இந்நேரம் பேருந்து நிறுத்தத்தில் மனம் லேசாகி நின்றுகொண்டிருப்பாள். அவளைத் தேடி ஓட, இப்போதும் தொப்பியக்காவின் கால் எழவில்லை.

ஏதாவது வேணும்னா ரெண்டு தடவை சிமிட்டு, உடனே வந்துடுறேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். பாப்பாவுக்கும்.

மேடு. மேடு.