நிறுத்திய மாத்திரை

பதினொன்று இருக்க வேண்டிய அட்டையில் ஆறு மாத்திரைதான் இருந்தது.

அவள் மறுபடி எண்ணினாள். முப்பது வருடம் பரீட்சை அலுவலகத்தில் அடுத்தவர் கூட்டிய மதிப்பெண்களைச் சரிபார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். கண் போனாலும் கணக்குப் பிசகாது என்று அதில் பெருமை வேறு. ஆறுதான்.

மடிக்கணினியில் இரண்டு கட்டங்கள் திறந்திருந்தன. ஒன்றில் ஆஸ்பத்திரிப் பட்டியல், மற்றதில் வீட்டுப் பட்டியல். கணவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று மருந்து கவுண்டர் பெண் சொல்லிக்கொடுத்த இணையப் பக்கம் அது. மருந்தின் பெயரையும் மிச்சம் எத்தனை என்பதையும் தட்டினால், எது புதிது, எது நிறுத்தியது, எது இரட்டிப்பு என்று காட்டிவிடும். ரத்தம் உறையாமலிருக்க அவர் வருடக்கணக்காகச் சாப்பிட்ட வெள்ளை மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டு, அதே வேலைக்கு வேறொன்று எழுதியிருந்தார். இரண்டும் சேர்ந்து உள்ளே போனால் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து என்று சொல்லித்தான் அனுப்பினார். பழைய அட்டையை அன்றைக்கே அவள் பிஸ்கட் டப்பாவில் போட்டு மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். அதற்கப்புறம் ஐந்து நாள் ஆகிறது.

ஆறு என்று தட்டினாள். அந்த வரி சிவந்தது. 'நிறுத்தப்பட்ட மருந்து. தினம் ஒன்று குறைந்திருக்கிறது.'

மருந்து கவுண்டருக்கு போன் போட்டாள்.

"வேற யாராவது அவருக்கு மருந்து கொடுக்கிறாங்களாம்மா?"

"வீட்டுல நானும் அவரும்தான். அவரால எழுந்து நிக்கவே முடியாது."

"உடம்பு எங்கயாவது கன்னிப்போயிருந்தா உடனே ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டு வந்துடுங்க."

மழைக்கு இருட்டிய மத்தியானத்தில், ஃப்ரிட்ஜின் உறுமலும் ஜன்னல் கம்பியில் சொட்டும் தண்ணீரும் தவிர வேறு சத்தமில்லாத அந்தக் கூடத்தைக் கடந்து, அவரோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்னும் போகாத மருந்து வாடை அடிக்கும் அறைக்குள் போய், போர்வையை மெல்ல விலக்கினாள். முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றியிருந்தது.

"ஏங்க, அந்த வெள்ளை மாத்திரைய யாரு கொடுத்தா?"

அவர் சிரித்தார். "நல்லா இருக்கே! நீயே கொடுத்துட்டு என்னையே கேக்குற."

"நானா? எப்ப?"

"சாப்பிட்டதும் ஒரு தடவை வர்றே. கொஞ்ச நேரம் கழிச்சு கண்ணாடி போடாம மறுபடி வர்றே. ஆமா, அப்ப மட்டும் உன் கை ஏன் அப்படிச் சில்லுனு இருக்கு?"

கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குச் சுவர் எது, கதவு எது என்று தெரியாது. பயமாக இருந்தது, அவ்வளவு பயம்.

"யாரு என்ன கொடுத்தாலும் வாயத் திறக்காதீங்க. ஆம்புலன்ஸ கூப்பிட்டு வந்துடறேன்."

கூடத்துக்கு ஓடினாள். போனை எடுத்தாள். கண் மடிக்கணினித் திரையில் விழுந்தது.

மிச்சம்: ஐந்து.

அவள் மாற்றவில்லை. எண்ணிவிட்டு மேஜையில் வைத்த அட்டையைத் தேடினாள். இல்லை.

அறைக்குள் டம்ளர் வைக்கும் சத்தம்.

கதவிடுக்கில் பார்த்தாள். கட்டிலருகே ஒருத்தி குனிந்து நின்றாள். தான் போட்டிருந்த அதே நீல உடை. தன்னுடைய கொண்டை. தன்னுடைய முகம், கண்ணாடி இல்லாமல்.

"இப்பதானே வேணாம்னு சொன்னே?" என்றார் அவர்.

முழுங்காதீங்க என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அவளுடைய குரல் அறைக்குள்ளிருந்து கேட்டது. பொறுமையாக. பிரியமாக.

"நான்தாங்க. வாயத் திறங்க."

அவர் திறந்தார்.